வெற்றுச் சீட்டு

ட்ரோம்சோவில் டிசம்பர்.
சூரியன் விடுப்பில் போய் மூன்று வாரம்.
செருப்புக் கடைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில்
பதின்மூன்று பேர், ஒரு ஃபிளாஸ்க் தேநீர்,
எண்பத்து நாலாயிரம் குரோனர்.

கணக்கு என் பொறுப்பு.
பகலில்
(பகல் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்)
விமான நிலையம் போகும் பஸ் ஓட்டுகிறேன்.
சில்லறை எண்ணத் தெரிந்தவள் என்று
பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் காணும்.
சனிக்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு வரை
பள்ளிக்கூட ஹால் கிடைக்கும்.
ஓதிக்கொடுக்க ஓஸ்லோவிலிருந்து ஓர் உஸ்தாத்.
அல்லது
பந்து, வலை, விசிலோடு ஒரு பயிற்சியாளர்,
முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சூடாக ஏதாவது.

வர்ஸமே எழுந்தார்.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட்; கையில் உப்பு வாடை.
"என் தம்பியின் ஜனாஸாவில்
பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துக்
கை கட்டினான் என் மகன். பதினாறு வயது.
தக்பீர் மூன்றா நாலா, அவனுக்குத் தெரியவில்லை.
வீட்டுக்கு வந்து நான் அழுதது
தம்பிக்காக மட்டும் இல்லை."

அறை ஒரு பக்கம் சாய்ந்தது.

ஹோதன் எழுந்திருக்கவில்லை.
கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
"என் பிள்ளை குர்ஆனை இரண்டு தடவை முடித்தவன்.
இதே அறையில் நீங்கள்தான்
அவன் வாயில் பேரீச்சம்பழம் ஊட்டினீர்கள்.
போன பிப்ரவரியில் காவல் நிலையத்திலிருந்து
அவனைக் கூட்டிவந்தது நான் ஒருத்தி.
சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது என்று
உங்களில் யாரும் சொல்லவில்லை.
சொன்னவர்களிடம் போனான்."

அறை மறுபக்கம் சாய்ந்தது.
ஓடம் போல என்று எழுதலாம்.
ஓடத்தில் யாராவது ஒருவர் துடுப்புப் போடுவார்.

பிறகு வழக்கமான சத்தம்.
தீனா, துனியாவா.
பந்து கூடுமா, கூடாதா.
பெண்பிள்ளைகளுக்கு எந்த நேரம்.
வெளியே நடையில், பனிக்காலணிக் குவியலுக்கு நடுவே
என் ரோப்லேயும் வர்ஸமேயின் ஸகலும்
ஒரு பாட்டில் மூடியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

சீட்டுப் போட்டோம்.
நான் எண்ணினேன்.
உஸ்தாதுக்கு ஆறு. பந்துக்கு ஆறு.
ஒன்று வெற்று.

"யாரப்பா அது?" என்றார் வர்ஸமே.
ஹோதன் என்னைப் பார்க்கவில்லை;
பார்க்காமல் இருப்பதற்கு
அவ்வளவு சிரமப்பட்டாள்.

எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.
ஜனாஸாவில் நிற்கும் ரோப்லே வந்தான்.
காவல் நிலைய பெஞ்சில் ரோப்லே வந்தான்.
இரண்டு பேருக்கும் ஒரே சட்டை.
பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு ஜனவரிக்குத் தள்ளிப் போனது.
ஹால் வாடகை தள்ளிப் போகவில்லை.
கணக்கில் எழுதினேன்: செலுத்தப்பட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சாவியோடு போனேன்,
பூட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க.
வாசலில் ஒன்பது பிள்ளைகள்.
யார் சொன்னார்கள், தெரியாது.
உஸ்தாத் இல்லை. விசில் இல்லை.
காற்றுக் குறைந்த பந்து ஒன்று.
திறந்துவிட்டேன்.

ஜன்னலில் நீலம் கொஞ்சம் வெளுத்தபோது
ஸகல் கேட்டாள்:
"லுஹர் ஆகிவிட்டதா? கிப்லா எந்தப் பக்கம்?"
பதினெட்டு வருடமாக இந்த ஊரில் திசை பார்த்து
வண்டி ஓட்டுகிறவள் நான்.
போனை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.
கூடைப்பந்து வளையத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம்.

மூன்று பேர் கோட்டை விரித்து நின்றார்கள்.
மற்றவர்கள் விளையாட்டை நிறுத்தவில்லை.
ஒருமுறை பந்து ஸஃப்புக்கு முன்னால் உருண்டு போனது;
யாரும் எடுக்கவில்லை,
ஸலாம் கொடுக்கும் வரை.

ரோப்லே எந்தக் கூட்டத்தில் இருந்தான் என்று
வீட்டில் அவன் அப்பா கேட்டார்.
நான் சொல்லவில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பயன்படுத்தியது எதற்காக என்று படிவத்தில் ஒரு கட்டம்.
அதையும்